பருவம் பிசகும் மழையும் வடபகுதிக் கமமும்

இலங்கையின் வடபகுதியிலே மானாவாரி நெற்செய்கை ஒரேயொரு மழைக் காலத்தையே நம்பியுள்ளது. புரட்டாதியிற் புழுதி விதைத்து, ஐப்பசி மழையில் முளைக்கச் செய்து, தையில் அரிவு வெட்டுதல் நம் கமக்காரரின் நெடுநாள் வழக்கமாகும். இவ்வொழுங்கை இப்பொழுது முன்போல் நம்பியிருத்தல் இயலாது. 2016-17 காலபோகத்தில் மழை பொய்த்தமையால் நாடு முழுவதிலும் நெல்விளைவு முந்திய காலபோகத்தின் ஏறத்தாழ அரைவாசியே ஆயிற்று. பின்னர் 2018 ஆம் ஆண்டு மார்கழியிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஓரிரவிற் கொட்டிய மழையால் வயல்கள் நீரில் மூழ்கின.

வரட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தால் மிகுதல் எங்ஙனம் என்று சிலர் வினவுவர். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் உண்டாகும் வாயுக்கள் பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கின்றன. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் உலகின் சராசரி வெப்பநிலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததைவிட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியசு உயர்ந்திருந்தது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. ஆகவே மழையற்ற நாட்களில் அது மண்ணிலிருந்தும் குளத்திலிருந்தும் மிகுதியாக நீரை உறிஞ்சுகின்றது. மழை பெய்யும்போது அவ்வளவையும் ஒருங்கே கொட்டிவிடுகின்றது. எனினும் ஒவ்வொரு வரட்சியையும் இதன்மேற் சுமத்துதல் தகாது. மழை பொய்த்த ஆண்டுகளை நம் பாட்டன்மாரும் கண்டனர்.

நெற்செய்கையில் முதலிற் கவனிக்கவேண்டியது பூக்குங் காலமாகும். எவ்வின நெல்லாயினும் அறுவடைக்கு ஏறத்தாழ முப்பது நாட்களுக்கு முன் பூக்கும். ஆகவே மூன்று மாத இனமாகிய பீ.ஜீ. 300 அறுபது நாளளவிலும், மூன்றரை மாத இனங்களாகிய பீ.ஜீ. 352, ஏ.ரீ. 362 என்பன எழுபத்தைந்து நாளளவிலும் பூக்கும் எனக் கொள்ளலாம். புழுதி விதைப்பில் இந்நாட்களை விதைத்த நாளிலிருந்து எண்ணுதல் தவறு. விதையை நனைத்து முளைக்கச் செய்த மழை நாளிலிருந்தே எண்ணுதல் வேண்டும். அம்மழை ஐப்பசித் தொடக்கத்திற் கிடைப்பின் மூன்றரை மாத இனம் மார்கழி நடுவிற் பூத்துக் கதிர் முற்றும். மண்ணிலே ஈரமும் இருக்கும். கார்த்திகைக்குப் பிந்தினாலோ அதே இனம் தையின் நடுவிலே, மழை ஓய்ந்தபின், நீரின்றிப் பூக்க நேரிடும். அவ்வாறு பிந்தும் ஆண்டிற் பழைய இனத்தையே பிடித்துக்கொண்டிருத்தல் வீண். இரண்டரை மாதத்தில் விளையும் பீ.ஜீ. 250 இத்தகைய வேளைக்கே உகந்தது. விளைவு சற்றுக் குறையினும் வைக்கோல் மட்டும் மிஞ்சும் நிலை வாராது.

முதன் மழையோடு முளைத்த பயிர், பின் இரு கிழமை மழையின்றிக் கருகுதலும் உண்டு. அதனால் முழு வயலையும் ஒரே நாளில் விதையாது, இரண்டு மூன்று பங்காகப் பிரித்து இடைவெளிவிட்டு விதைத்தல் நன்று. மீள்விதைப்புக்கெனச் சிறிது விதைநெல்லை ஒதுக்கிவைத்தலும் அவசியம். கடன்பட்டு வாங்கிய விதை முழுவதையும் ஒரு மழையை நம்பி எறிந்துவிடலாகாது.

குளத்து நீரிற் செய்யும் சிறுபோகத்திலோ இடர் வேறு வகையானது. நெற்பூ காலை வேளையில் விரிகின்றது. அவ்வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு மேற்படின் மகரந்தம் பழுதடைந்து மணிகள் பதராகும். பூக்கும் நாட்களில் வயலில் நீர் தேங்கியிருக்கச் செய்தல் பயிரைச் சிறிது குளிர்விக்கும். நீர் முறை வகுக்கும் கமக்காரர் அமைப்புகள் இந்நாட்களை மனத்திற்கொண்டு முறை வகுத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குக் கிணறே குளம். அங்கே சுண்ணக்கல்லினுள் நன்னீரானது உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தலை யாவரும் அறிவர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறையின் கீழேயிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறிவர இடமுண்டு! கடல் மட்டம் உயர்தலும், மழை நிலத்திற் சுவறாது வழிந்தோடுதலும் இவ்விடரை மிகுவிக்கின்றன. துலா இறைத்த காலத்திற் கிணறு தானாகவே இளைப்பாறிற்று, இயந்திரத்துக்கு இளைப்பில்லை. ஆகவே ஒரே மூச்சில் வற்ற இறையாது, இடைவிட்டுச் சிறிது சிறிதாக இறைக்க. வெங்காயம் உவரைத் தாங்காது. பீற்றூட்டு ஓரளவு தாங்கும். உவர் தட்டிய கிணற்றையுடையோர் இதனையறிந்து பயிரைத் தெரிதல் வேண்டும். தோட்டத்து வரம்புகளை உயர்த்தி, அயலிலுள்ள கேணிகளைத் தூர் வாரிவைத்தால் மாரி மழை நிலத்தினுள் இறங்கும்.

நேரான சுவருடைய தகரப் பேணியொன்றை மரநிழல் படாத வெளியில் வைத்து, நாடோறும் காலையில் அதிலுள்ள நீரை அடிமட்டத்தால் அளந்து, திகதியுடன் கொப்பியில் எழுதிவருக. சில ஆண்டுக் கணக்குச் சேர்ந்தபின், அதனை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டின், உங்கள் வயலுக்கேற்ற விதைப்பு நாளையும் இனத்தையும் அவருடன் ஆராய்ந்து தீர்மானிக்கலாம்.