வகுப்பறை வாசலில் கிடக்கும் பூமியின் அடிவயிறு! - கொல்லிமலையில் புவியியல் முதல் பாடம்

ஜூன் மாதம் பிறந்துவிட்டது. காரவள்ளி அடிவாரத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு பஸ் மலை ஏறத் தொடங்குகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வேலைக்குப் போன அப்பா அம்மாவோடு கோடை முழுக்க ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கிறதே என்று மேலே திரும்பும் பிள்ளைகளும் அந்த பஸ்ஸில் இருப்பார்கள். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு என்று 'நாடு நாடாக'ப் பிரிந்து கிடக்கும் கொல்லிமலையில், பள்ளி திறந்து சில நாள்கள் வரை சில இடங்கள் காலியாகத்தான் இருக்கும்.

வந்து உட்கார்ந்த பிள்ளையின் கையில் சமூக அறிவியல் புத்தகம். தமிழ்நாடு அரசுப் பாடநூலின் புவியியல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 6-ம் வகுப்பு பேரண்டத்திலும் சூரியக் குடும்பத்திலும் தொடங்குகிறது. 7-ம் வகுப்புக்குப் புவியின் உள்ளமைப்பு. 8-ம் வகுப்புக்குப் பாறையும் மண்ணும். வானம், பூமியின் வயிறு, காலடி மண்... மூன்றும் மூன்று வருஷத்தின் முதல் பாடங்கள்.

பெரும்பாலான ஊர்களில் இவற்றைப் படம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். கொல்லிமலைப் பிள்ளைக்கு அந்த அவசியம் இல்லை. மூன்று பாடத்துக்கும் வேண்டிய ஆய்வுக்கூடம் பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது. 'மலையில படிக்கிற பசங்களுக்கு வசதி பத்தாது' என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். இந்த ஒரு பாடத்தில் மட்டும் கீழே இருக்கும் பள்ளிகளுக்குத்தான் வசதி பத்தாது!

12 கிலோமீட்டர் குழியும் ஒரு கருங்கல்லும்

முதலில் 7-ம் வகுப்பு. பூமியின் மையத்துக்குப் போக வேண்டுமென்றால் நாம் நிற்கும் இடத்திலிருந்து சுமார் 6,371 கிலோமீட்டர் இறங்க வேண்டும். மனிதனால் எவ்வளவு தூரம் இறங்க முடிந்தது? ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-ல் ஒரு துளை போட ஆரம்பித்தார்கள். 1989-ல் அது 12,262 மீட்டரைத் தொட்டது. உள்ளே வெப்பம் சுமார் 180 டிகிரி. அதற்கு மேல் முடியவில்லை, நிறுத்திவிட்டார்கள். பூமியின் தோலில்கூடப் பாதியைத் தாண்டவில்லை.

இப்போது பள்ளி வாசலில் கிடக்கும் ஒரு கருங்கல்லை எடுங்கள். வெளியே பழுப்பேறி இருக்கும். ஆசிரியர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி உடைத்துக் காட்டலாம் (பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும், கண்ணில் சில்லு தெறிக்கும்). உள்ளே கறுத்த சாம்பல் நிறம். கொஞ்சம் நீலம், கொஞ்சம் பச்சை கலந்ததுபோல, எண்ணெய் தடவிய பளபளப்பு. நம் வீட்டு அம்மி, ஆட்டுக்கல்லையெல்லாம் சொல்வதுபோல இதையும் 'கருங்கல்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். புவியியலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர், சார்னோகைட்.

இந்தக் கல் இப்படி ஆனது மேலே இல்லை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், மேலே இருந்த பாறைகளின் பாரத்தில் வெந்து இறுகியது. பிறகு நிலம் மெல்ல மெல்ல மேலே எழும்பியது. மேலே மூடியிருந்த பாறைகளை மழையும் காற்றும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக்கொண்டு போயின. கடைசியில் அடியில் இருந்தது வெளியே வந்து நிற்கிறது. அதன் பெயர்தான் கொல்லிமலை.

கோலாவில் 19 ஆண்டுகள் துளைத்தும் எட்ட முடியாத ஆழத்திலிருந்து வந்த கல், இங்கே பிள்ளைகளின் செருப்புக்கு அடியில் கிடக்கிறது. 'பூமிக்குள்ள என்ன இருக்கு டீச்சர்?' என்று கேட்கும் பிள்ளைக்கு, அதில் ஒரு துண்டை எடுத்துக் கையிலேயே கொடுத்துவிடலாம்.

250 கோடி என்பது பிள்ளைகளின் மனதில் நிற்காது. அதை ஒரு வருஷமாகச் சுருக்கிப் பார்க்கலாம். இந்தப் பாறை ஜூன் 1-ம் தேதி பிறந்தது என்றால், டைனோசர்கள் அழிந்தது அடுத்த மே 22-ஐ ஒட்டி. மனிதன் வந்தது மே 31 இரவு 11 மணிக்கு. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி? நள்ளிரவு 12 அடிப்பதற்கு 25 விநாடிக்கு முன்புதான்!

கல்லறையில் கிடைத்த பெயர்

'சார்னோகைட்' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஜோப் சார்னாக் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. கொல்கத்தா நகரத்தின் தொடக்கத்தோடு சேர்த்துப் பேசப்படுபவர். 17-ம் நூற்றாண்டின் இறுதியில் இறந்துபோனார். அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கும் அவரது கல்லறைக்கு வைத்த கல், நம் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து, 1893-ல் சார்னாக்கின் பெயரையே அதற்கு வைத்தார்.

சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம், நீலகிரி, ஏற்காடு எல்லாமே இந்தக் கல்லின் சொந்தக்காரர்கள்தான். பரங்கிமலைப் பக்கம் இருக்கும் இந்தப் பாறை, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அண்டார்டிகாவிலும் இலங்கையிலும் இதே வகைக் கல் உண்டு. உலகம் முழுக்க எந்தப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தாலும் இந்தப் பெயரைத் தாண்டாமல் போக முடியாது. அவர்கள் புத்தகத்தில் பார்ப்பதை, செம்மேட்டுப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்தபடி பார்க்கிறது.

தெற்கே விழும் நிழல்

அடுத்து 6-ம் வகுப்பு, சூரியக் குடும்பம். செலவே இல்லாத பரிசோதனை இது. ஒரு மீட்டர் உயரக் குச்சியை விளையாட்டு மைதானத்தில் நேராக நடுங்கள். மேகம் விலகும் ஒரு நாளில் மதியம் 12.15-ஐ ஒட்டி நிழலைப் பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, நிழலைப் பார்த்தால் போதும்.

நிழல் எந்தப் பக்கம் விழும்? பெரியவர்கள் பலரும் யோசிக்காமல் 'வடக்கே' என்பார்கள். பள்ளி திறக்கும் ஜூனில் அது சுமார் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தெற்கே விழுந்து கிடக்கும்! கொல்லிமலை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில். ஜூனில் சூரியன் அதையும் தாண்டி வடக்கே போய், 23 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அதனால்தான் நிழல் தெற்கே திரும்புகிறது. கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை தமிழ்நாடு முழுக்கவே இப்படித்தான் என்பதால், இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் மொட்டைமாடியில் செய்து பார்க்கலாம்.

நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். வாரம் ஒரு கல். நிழல் குறைந்துகொண்டே வந்து, ஆகஸ்ட் 23, 24-ஐ ஒட்டி மதியத்தில் காணாமலே போய்விடும். பிறகு வடக்குப் பக்கம் எட்டிப் பார்க்கும். அரையாண்டுத் தேர்வு முடியும் டிசம்பர் கடைசியில் வடக்கே சுமார் 70 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். பூமி சாய்ந்து சுற்றுகிறது என்பதைப் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டாம். அதன் கல் வரிசையே சொல்லிவிடும்.

மழை செய்த மண், மனிதன் எடுத்த மண்

8-ம் வகுப்புக்கு வருவோம். பாறையும் மண்ணும். இங்கேதான் பாடம் வீட்டுக்குள்ளேயே நுழைகிறது.

கொல்லிமலையின் உச்சிச் சமவெளிகளில் லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்த மழை, பாறையில் கரையக்கூடியதையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. கரையாமல் தங்கியவை இரும்பும் அலுமினியமும். இரும்பு மண்ணுக்குச் சிவப்பைக் கொடுத்தது. அலுமினியம் செறிந்த இடங்கள் பாக்சைட் ஆயின. அந்தப் பாக்சைட்டை வெட்டி, மேட்டூரில் இருந்த அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக ஏற்றிப்போன காலம் ஒன்று இருந்தது. சுரங்கம் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பார்த்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். சுரங்கம் வருவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது, எந்த ஊற்று எங்கே ஓடியது, இப்போது அங்கே என்ன முளைக்கிறது என்று பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். எந்த நோட்ஸிலும் கிடைக்காத பாடம் அது.

இன்னொன்று வயல். சரிவு நிலங்களில் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மலை இது. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி வந்தது. காசும் வந்தது. ஆனால், கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது சரிவில் மண் கிளறப்படுகிறது. அடுத்த மழைக்கு அது கீழே போகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காப்பாற்றப் பாடுபடுகிறது. எதைப் பயிரிடுவது என்பது வீட்டின் வருமானக் கணக்கு. அதில் பள்ளிக்கூடம் தலையிட முடியாது. ஆனால், எவ்வளவு மண் போகிறது என்று பிள்ளைக்குக் காட்ட முடியும்.

அதற்கு ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி ஓர் இரவு அசையாமல் வைத்தால், அடியில் மணல், அதன்மேல் வண்டல், அதற்கும் மேல் களி என்று அடுக்கடுக்காகப் படியும். சாமைக் காட்டு மண், மரவள்ளிக் காட்டு மண், மிளகுக் கொடிக்கு அடியில் இருக்கும் மண் என மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மழை நாளில் ஓடையிலிருந்து ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீரும் எடுத்து வைத்தால், எந்த அடுக்கு ஊரை விட்டுப் போகிறது என்பது தெரிந்துவிடும். அந்தத் தண்ணீர்தான் அய்யாறாகி, ஆகாய கங்கையில் சுமார் 300 அடி விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிப் போகிறது.

ஆடிப்பதினெட்டு வரை ஒரு கணக்கு

ஒரு தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாக அதற்குள்ளேயே செருகினால் மழைமானி தயார். பக்கவாட்டு நேராக உள்ள பாட்டிலாக இருக்கட்டும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருந்தால், அதை மூடும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அந்த மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்து ஸ்கேலை ஒட்டுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, கரும்பலகையின் ஓரத்தில் எழுதுங்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 48 சதுர மீட்டர் வகுப்பறைக் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 480 லிட்டர்! கணக்கு ஆசிரியரும் இதில் சேர்ந்துகொள்ளலாம். செம்மேட்டில் ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். அதுவரை சேர்ந்த மழையைக் கூட்டி, 'ஓரி விழா வரைக்கும் இவ்வளவு பெய்திருக்கு' என்று பள்ளி வாசலில் எழுதி வைத்தால், விழாவுக்கு வரும் ஊர்ப் பெரியவர்களும் நின்று படிப்பார்கள்.

மதிப்பெண்ணைத் தாண்டி...

'இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பரீட்சைக்கு உதவுமா?' என்ற கேள்வி நியாயமானது. உதவும். 8-ம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில், படிப்பறிவுத் தாளின் 90 கேள்விகளில் 35 சமூக அறிவியல்தான். தேறினால் 9 முதல் 12-ம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 48,000. பிள்ளையைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அழைத்துப்போகலாமா என்று யோசிக்கும் வீட்டில், அந்தப் பணம் ஒரு பதில்.

இன்னொரு காரணம், உயிர். 2004 டிசம்பரில் தாய்லாந்துக் கடற்கரையில் இருந்த 10 வயது டில்லி ஸ்மித், கடல் நுரைத்து வருவதைப் பார்த்து 'இது சுனாமி' என்று அடம்பிடித்தாள். கடற்கரையில் இருந்தவர்கள் அதனால் தப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் இங்கிலாந்தில் அவளது புவியியல் வகுப்பில் அந்தப் பாடம் நடந்திருந்தது. நமக்குக் கடல் இல்லை, சரிவு இருக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததை மறக்க முடியாது. அங்கே வெள்ளார்மலை அரசுப் பள்ளியும் சிதைந்துபோனது.

தெளிந்து ஓடிய ஓடை திடீரென்று சேறாக வந்தால், வேகம் சட்டென்று குறைந்தால், சரிவில் புதிதாக விரிசல் விட்டால், மரமோ மின்கம்பமோ சாய ஆரம்பித்தால் அங்கே நிற்கக் கூடாது, உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். மழைக்காலம் தொடங்கும் ஜூனிலேயே மலைப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் புதிதாக மலைக்கு மாறுதலாகி வந்திருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. முதல் நாள் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், 'நாளைக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கல் கொண்டுவாங்க' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எந்தக் கல் எந்த ஓடையில் கிடக்கும், எந்த மண்ணில் எது முளைக்கும், எந்தப் பக்கம் கறுத்தால் மழை வரும் என்பதெல்லாம் உங்களைவிட அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். மேசை முழுக்கக் கல் குவிந்த பிறகு புத்தகத்தைத் திறக்கலாம். ஜூனில் நட்ட குச்சியை மட்டும் யாரும் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் அதன் நிழல் காணாமல் போகும் மதியத்தில், மொத்த வகுப்பும் அதைச் சுற்றி நிற்க வேண்டும்!