பறவைக்கும் நமக்கும் நடுவில் எத்தனை மீட்டர்?

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். பயப்படாதீங்க, இன்டெர்னல் மார்க் எல்லாம் கிடையாது.

ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை நிற்கிறது. உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். உங்கள் கையில் 300 மி.மீ. லென்ஸ் போட்ட கேமரா. சென்சாரில் விழும் பிம்பம் எவ்வளவு பெரிசா இருக்கும்? பன்னிரண்டாம் வகுப்பு ஒளியியல்தான். குவியத்தொலைவைப் பறவையின் உயரத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் போதும். 300-ஐ 1000-ஆல் பெருக்கி 50,000-ஆல் வகுங்க. 6 மி.மீ. வரும். சாதாரண டிஎஸ்எல்ஆர் சென்சாரின் உயரம் சுமார் 15 மி.மீ. ஆக, ஃப்ரேமில் ஐந்தில் இரண்டு பங்கு நாரை. நல்ல படம்.

இப்போ அதே நாரையை மொபைலில் எடுங்க. விளம்பரத்தில் 26 மி.மீ. என்று போட்டிருப்பான், அது பெரிய சென்சாருக்கு ஈடாகச் சொல்ற கணக்கு. போன் மெயின் லென்ஸின் உண்மையான குவியத்தொலைவு 5, 6 மி.மீ. அளவில்தான் இருக்கும். பிம்பம் 0.1 மி.மீ. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு "அந்த வெள்ளைப் புள்ளிதான் நாரை"னு அம்பு வரைஞ்சு காட்டணும்.

அடுத்தது சிறு நீல மீன்கொத்தி. மொத்தமே 16 செ.மீ. நீளம். 300 மி.மீ. லென்ஸில், ஐம்பது மீட்டரில், அது 1 மி.மீ.கூட வராது. நாரை மாதிரி 6 மி.மீ. வரணும்னா நீங்கள் 8 மீட்டர் தூரத்தில் நிற்கணும்.

இந்த 8 மீட்டர்தான் பிரச்சினை. சமன்பாட்டில் மூன்று விஷயம் இருக்கு. உயரம் பறவையோடது, மாத்த முடியாது. குவியத்தொலைவு நம்ம பர்ஸைப் பொறுத்தது. 600 மி.மீ. லென்ஸ் விலையைப் பார்த்தா எஜுகேஷன் லோன் ஞாபகம் வரும். மிச்சம் இருக்கிறது தூரம். அதை மட்டும் காலை எடுத்து வெச்சுக் குறைச்சுடலாம்னு நாம நினைக்கிறோம். கிட்டப் போய்ப் போய் என்ன ஆச்சுங்கிறதை நான் ஒரு பள்ளிக்கூடக் குழுவோட போனப்பதான் கத்துக்கிட்டேன்.

எங்க ஃபோட்டோகிராஃபி கிளப் போன வருஷம் பக்கத்து அரசுப் பள்ளியில் இருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரை வேடந்தாங்கலுக்குக் கூட்டிட்டுப் போனது. ஜனவரிக் கடைசி. கூட அவங்க அறிவியல் டீச்சர், கிளப்பில் இருந்து மூன்று பேர். இரண்டு கேமரா, நான்கு பைனாகுலர். பிள்ளைகள் யூனிஃபார்மில் வந்தாங்க, பளிச்னு வெள்ளைச் சட்டை. பறவைக்கு நிறம் நல்லாவே தெரியும், ஆனா அதை நாங்க முன்னாடியே சொல்லாதது எங்க தப்பு.

வேடந்தாங்கல் ஆரம்பநிலைக் குழுவுக்கு ஏன் நல்ல இடம் தெரியுமா? தூரத்தை அங்கே ஏரியே முடிவு பண்ணிடுது. நாம் நடப்பது கரைமேல். நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டியிருப்பது தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில். நடுவில் தண்ணீர். எவ்வளவு ஆசை வந்தாலும் கிட்டப் போக முடியாது. மொத்தமே 30 ஹெக்டேர் அளவுள்ள சின்ன ஏரி. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனா பாதுகாப்பு அதுக்கு ரொம்ப முந்தியது. வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டப்போ ஊர்க்காரங்க கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-லேயே எழுத்து மூலமா உரிமை வாங்கிட்டாங்க. காரணம் வெறும் பாசம் மட்டும் இல்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணி வயலுக்குப் போனா அதுவே உரம். நம்ம பாட்டன்மாருக்கு நைட்ரஜன் சைக்கிள் சிலபஸ் இல்லாமலேயே தெரிஞ்சிருக்கு.

அன்னைக்கு எல்லாம் நல்லாத்தான் போச்சு. பைனாகுலர் கண்ணாடியில் மொபைல் கேமராவை ஒட்டி வெச்சுப் படம் எடுக்கக் கத்துக்கொடுத்தோம். 8x42 பைனாகுலர் என்றால் எட்டு மடங்கு உருப்பெருக்கம், முன் லென்ஸ் விட்டம் 42 மி.மீ. போன் லென்ஸுக்கு எட்டு மடங்கு கிடைச்சா, அந்த 0.1 மி.மீ. நாரை 0.8 ஆகுது. மொபைல் சென்சாரே சின்னதுங்கறதால அது ஃப்ரேமில் கணிசமாத் தெரியும். ஓரத்தில் கறுப்பு வட்டம் விழும், அதை க்ராப் பண்ணிக்கலாம். கை நடுங்காம இருக்க, துணிப்பையில் அரைக் கிலோ பச்சைப் பயறு போட்டுத் தைச்சு, கைப்பிடிச் சுவர்மேல் வெச்சு அதுமேல் பைனாகுலரை வைக்கணும். டிரைபாட் வாங்கக் காசு இல்லாதவங்களுக்கு இது போதும். சாயங்காலம் சுண்டலுக்கும் ஆகும்.

செட்டிங்ஸ் பத்தி ரொம்பப் பேச வேண்டியதில்லை. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம், குவியத்தொலைவை 1.5-ஆல் பெருக்கி வரும் எண்ணின் தலைகீழ், அதாவது 300 மி.மீ.க்கு 1/500 நொடி. பறக்கும் பறவைக்கு 1/1600, இன்னும் கூடினாலும் நல்லது. வெளிச்சம் பத்தலைன்னா ஐஎஸ்ஓவை ஏத்துங்க. புள்ளி புள்ளியா வந்தாலும் பரவாயில்ல, ஆட்டத்தில் கலங்கின படத்தை எந்த ஆப்பும் காப்பாத்தாது. கறுத்த தண்ணீர் முன்னாடி நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது மட்டும் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைங்க. கேமரா சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துட்டு, கொக்கைச் சுண்ணாம்படிச்ச சுவர் மாதிரி ஆக்கிடும். பளிச்சென்ற வானத்தில் பறக்கிற பருந்துக்கு நேர்மாறு, ஒரு ஸ்டாப் ஏத்தணும்.

பிரச்சினை மார்ச்சில் வந்தது. பிள்ளைகள் மறுபடி கேட்டாங்க. பஸ் ஏற்பாடு இல்லாததால் நம்ம காலேஜ் பின்பக்க ஏரிக்கே போனோம். தண்ணி வத்தி ஓரமெல்லாம் வெடிச்ச களிமண். காலை பத்தரை. ஒரு ஆட்காட்டி ஜோடி எங்க தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துச்சு. மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, நீங்களும் நம்ம கிரவுண்டில் பார்த்திருப்பீங்க. ஆட்காட்டி கூடு கட்டாது. கூழாங்கல் நடுவில் லேசாப் பள்ளம் பறிச்சு முட்டையை வெச்சிடும். முட்டையும் கல் மாதிரியே கரும்புள்ளியோட இருக்கும். ஒரு பையன் மிதிக்கப் போய்க் கடைசி நொடியில் காலைத் தூக்கினான். கீழே நான்கு முட்டை.

எனக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொருத்தரும் கேமரா வாங்கி ரெண்டு நிமிஷம் எடுக்கலாம், வரிசையா வாங்கன்னு சொன்னேன். பதினொரு பேர், ரெண்டு நிமிஷம். பெருக்கிப் பாருங்க, நான் அப்போ பெருக்கல.

ஒரு பொண்ணு மேலே பார்த்துட்டுக் கேட்டா, "அண்ணா, இது நம்மளத்தான் திட்டுதா?"

"ஆமா, ஆட்காட்டின்னா அப்படித்தான் கத்தும்"னு சிரிச்சுட்டேன்.

அவ வரிசையில் இருந்து விலகித் தூரத்துப் பனைமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துட்டா. உன் முறை வருது வான்னு கூப்பிட்டதுக்கு, "இல்லண்ணா, எல்லாரும் இங்க வந்தா அது கீழ இறங்குதான்னு பாக்கணும்" என்றாள். எனக்கு அப்போதான் உறைச்சுது. எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பனைமரத்தடிக்குப் போனேன். சில நிமிஷத்தில் ஒரு ஆட்காட்டி இறங்கிச்சு. நேரா முட்டைக்குப் போகல, சுத்தி வளைச்சு நடந்து, நின்னு, அப்புறம் போய் உட்கார்ந்தது. கரையில் ரெண்டு காக்கா உட்கார்ந்து எங்களைப் போலவே பார்த்துட்டு இருந்தது.

அந்த இருபது நிமிஷத்தில் என்ன நடந்திருக்கும்? கோழிமுட்டை இன்குபேட்டரை 37.5 டிகிரியில் வைப்பாங்க. அதுக்கு மேல சில டிகிரி ஏறி அப்படியே நின்னா உள்ளே இருக்கிற கரு செத்துடும். மார்ச் வெயிலில் வெடிச்ச களிமண் அதைவிட எவ்வளவு சூடா இருக்கும்னு செருப்பில்லாம நடந்து பாருங்க. வெயில் நேரத்தில் ஆட்காட்டி முட்டைமேல் உட்காருவது சூடு கொடுக்க இல்ல, நிழல் கொடுக்க. வயிற்றுச் சிறகைத் தண்ணியில் நனைச்சுட்டு வந்து முட்டையை ஈரப்படுத்தவும் செய்யும். அதோட ஏசி சிஸ்டத்தை நாங்கதான் ஆஃப் பண்ணி வெச்சிருந்தோம். காக்காவுக்கு வழிகாட்டியது தனிக்கணக்கு.

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் போனேன். முட்டை இல்லை, ஓடும் இல்லை. ஆட்காட்டிக் குஞ்சு பொரிச்ச கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நடந்துடும், அதனால் பொரிச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனா குஞ்சு இருந்தா தாய் தகப்பன் அங்கேயே சுத்திக் கத்தணும். ஒண்ணையும் காணோம். பிள்ளைகளிடம் இதை அப்படியே சொன்னேன். ஒரு பையன் ரொம்ப நேரம் பேசவே இல்ல. அந்த முட்டைப் படம் இன்னும் என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கு. நல்ல ஷார்ப். எங்கேயும் போடல.

மூன்றாவது தடவை போகும்போது முறையை மாத்தினோம். முதலில், கேமராவைத் தொடும் முன் தூரத்தை அளக்கணும். காலேஜ் டிராக்கில் நூறு மீட்டர் நடந்து ஆளாளுக்கு எத்தனை அடின்னு எண்ணி வெச்சுக்கிட்டோம். ஏரியில் ஒரு பறவையைப் பார்த்து மெதுவா நடக்கணும். அது மேய்வதை நிறுத்தி, கழுத்தை நீட்டி நம்மைப் பார்க்கிற இடத்தில் நிக்கணும், திரும்பி வந்து அடிகளை எண்ணணும். அந்தத் தூரம்தான் அந்தப் பறவை அன்னைக்கு நமக்குக் கொடுத்த எல்லை. பறந்துபோச்சுன்னா எல்லையைத் தாண்டி ரொம்ப நேரம் ஆச்சுன்னு அர்த்தம். பறவைக்குப் பறவை இது மாறும். மாட்டோட நடக்கிற உண்ணிக்கொக்கு கிட்ட வரை விட்டது. அதே நேரம் மடையான் வரப்பு முனையிலேயே எங்களைப் பார்த்துக் கிளம்பிடுச்சு. ரெண்டு பேர் போனப்போ உட்கார்ந்திருந்த பறவை, பதினொரு பேர் போனா உட்காராது. குழுவை மூன்றாப் பிரிச்சதுக்கு அதுதான் காரணம்: ஒரு குழுவுக்குக் கேமரா, ஒன்றுக்கு பைனாகுலர், ஒன்றுக்கு நோட்டு. அரைமணிக்கு ஒருமுறை மாத்திக்கலாம்.

அப்போ மீன்கொத்தியின் 8 மீட்டர்? அதுக்கும் வழி இருக்கு, நடக்காமலே. பஞ்சுருட்டானைக் கவனிங்க. கம்பியில் இருந்து பறந்து பூச்சியைப் பிடிச்சுட்டுப் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். கரிச்சானும் அப்படித்தான். மீன்கொத்திக்கும் பிடிச்ச கிளைன்னு ஒண்ணு இருக்கும், கீழே வெள்ளை எச்சம் பார்த்தாலே தெரியும். முதலில் தூரத்தில் இருந்து எந்தக் கிளைன்னு கண்டுபிடிங்க. பறவை இல்லாத நேரத்தில் போய், புதர் மறைவில் உட்கார்ந்து, கிளையில் ஃபோகஸ் பண்ணி லாக் பண்ணிட்டுக் கையை ஆட்டாம இருங்க. கேமராவின் பீப் சத்தத்தை அணைச்சிடுங்க. தூரத்தை இப்போ குறைக்கிறது பறவைதான். வரலைன்னா கிளம்பி வந்துடணும். மொபைலில் அதோட குரலைப் போட்டுக் கூப்பிடுறது வேண்டாம். இல்லாத எதிரியைத் தேடி அது அலையும், கூட்டை விட்டுட்டு.

கூடு தற்செயலாக் கண்ணில் பட்டா நிக்காம நடந்துடுங்க. தெரியாம எடுத்துட்டீங்கன்னா பகிர வேண்டாம். போன் படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதி வெச்சிருக்கும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை ஆஃப் பண்றது பத்து நொடி வேலை.

அன்னைக்கு எங்க கேமராக் குழுவுக்குப் பஞ்சுருட்டான் படம் நான்கு கிடைச்சது, அதில் மூன்றில் வால் மட்டும். நோட்டுக் குழுவில் பனைமரத்தடிப் பொண்ணு இருந்தா. ஒரு பஞ்சுருட்டான் எத்தனை மணிக்குக் கம்பியை விட்டுப் பறந்தது, எப்போ திரும்புச்சு, வாயில் தும்பியா தேனீயான்னு முழுப்பக்கம் எழுதியிருந்தா. "அண்ணா, இது படத்துல வராதுல்ல?"ன்னு கேட்டா. அந்தப் பட்டியலை அன்னைக்கே இ-பேர்டில் ஏத்தினோம். படம் இல்லாமலும் ஏத்தலாம், எண்ணிக்கையும் நேரமும் இருந்தாப் போதும்.

வேடந்தாங்கலுக்கு இந்த சீசனிலும் ஒரு குழுவைக் கூட்டிப் போகிறோம். பெற்றோர் கடிதமும் டீச்சரும் ரெடி. பிள்ளைகளோட நடக்க நம்ம பக்கம் இன்னும் இரண்டு பேர் வேணும், கேமரா தெரியணும்னு இல்ல. பேர் கொடுக்கறவங்க தொப்பியும் தண்ணியும் கொண்டுவாங்க. வெள்ளைச் சட்டை வேண்டாம்.