பலகைக்குப் பின்னால் எழும் கூச்சல்

கூடைப்பந்து ஆட்டத்தில் ஓட்டமும் துள்ளலும் முற்றிலும் அடங்கிவிடும் நேரம் ஒன்று உண்டு. எதிரணியினர் விதி மீறி ஒருவர்மீது மோதிவிட்டால், நடுவர் பந்தை அவர் கையில் கொடுத்துத் தனியே எறியச் சொல்வார். இதனை ‘ப்ரீ த்ரோ’ என்பர். நாம் தனி எறி என்போம். பின்பலகைக்கு 15 அடி முன்னால் கோடு. வளையத்தின் உயரம் 10 அடி. அதன் விட்டம் 18 அங்குலம். பந்தின் விட்டமோ அதில் பாதிக்குச் சற்றே அதிகம். தடுப்பார் எவருமில்லை. எதிரணியினர் கையசைத்தோ குரலெழுப்பியோ எறிபவரைக் குலைக்க விதி இடந்தருவதில்லை. ஆனால் பார்வையாளரை அந்த விதி கட்டுப்படுத்துவதில்லையே!

அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் இந்த வாய்ப்பை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டனர். வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரே அமரலாம். ஆயினும் ஆடுகளத்தை ஒட்டி நின்று மாணவர் எழுப்பும் ஆரவாரம் நாடறிந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் 2013இல் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். கூடைக்குப் பின்னால் கறுப்புத் திரை ஒன்றைப் பிடித்துக்கொள்வர். எறிபவர் பந்தை உயர்த்தும் வேளையில் திரை விலகும். உள்ளே விசித்திர வேடங்களில் சிலர் கூத்தடிப்பர். 2016 ஜனவரியில் அவ்வாறு திரை விலகியபோது நீச்சலுடையில் வெளிப்பட்டவர், அதற்குள் 18 ஒலிம்பிக் தங்கங்களை வென்றிருந்த மைக்கேல் பெல்ப்ஸ். எதிரணி இளைஞரின் இரண்டு எறிகளும் தவறின. இதனைப் படித்தபோது நமக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பானேன்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மறையியல் பயின்றவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் ஸ்பிரிங்பீல்டு நகரில் இவ்விளையாட்டை உருவாக்கியபோது, பீச் பழக்கூடைகளை மாடத்தின் கைப்பிடிச் சுவரில் அறைந்தார். மாடத்திலிருந்தோர் குனிந்து பந்தைத் தட்டிவிடத் தொடங்கினர். அவர்களைத் தடுக்கவே கூடைக்குப் பின்னால் பலகை வந்தது. பலகை பார்வையை மறைக்கிறது என்று பின்னிருந்தோர் முறையிட, அது கண்ணாடியாயிற்று. இன்று அந்தக் கண்ணாடி வழியாகவே எறிபவரின் கண்ணைக் கலைக்கின்றனர்!

இவ்வளவு ஆரவாரத்துக்கும் பலன் உண்டா? அரிசோனாவின் திரையால் ஆட்டமொன்றுக்கு ஓரிரு புள்ளிகள் ஆதாயம் எனக் கணக்கிட்டோர் உளர். ஆனால் தொழில்முறை ஆட்டங்களைப் பல்லாண்டுகள் தொகுத்துப் பார்த்தபோது, சொந்த ஊரில் எறிந்தாலும் அயலூரில் எறிந்தாலும் நூற்றுக்கு 76 அளவே கூடைக்குள் விழுந்தன. கனடா நாட்டு அறிஞர் ஜோன் விக்கர்ஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டுகிறது: தேர்ந்த வீரர் எறியுமுன் ஏறத்தாழ ஒரு நொடி வளையத்தின்மீதே விழியை நிலைநிறுத்துகிறார். பின்னால் ஆயிரம் கைகள் ஆயிரம் விதமாய் அசையினும் அவருக்கு அது வெறும் மங்கலான பரப்பே.

அப்படியானால் கூட்டம் வலுவற்றதா? அன்று, நாம் கவலையோடு நோக்குவது வேறொன்றை. எறியும் கணத்தைவிட, அடுத்த நாளும் அடுத்த ஆண்டும் நீடிப்பது ஏளனத்தின் வலிமை.

வில்ட் சேம்பர்லின் ஏழடிக்கு மேல் உயர்ந்தவர். தனி எறியில் மட்டும் தடுமாறியவர். 1961–62 பருவத்தில் பந்தை இரு கைகளாலும் முழங்காலருகே தாழ்த்தி, கீழிருந்து மேலாக எறிந்தார். அவ்வாண்டு நூற்றுக்கு 61 விழுந்தன. 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் பெற்றாரே, அன்றைய 32 தனி எறிகளில் 28 கூடைக்குள் விழுந்தன! ஆனால் அம்முறையை அவர் கைவிட்டார். பெண்பிள்ளை எறிவதுபோல் தோன்றிற்று, நாணமாயிருந்தது, தாம் செய்தது தவறே எனப் பின்னாளில் தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டார். 1967–68இல் நூற்றுக்கு 38தான் விழுந்தன. எந்தத் திரையும் ஒருவரிடமிருந்து இவ்வளவைப் பறித்ததில்லை.

ரிக் பேரியும் அவ்வாறே எறிந்தவர். தந்தை வற்புறுத்தியபோது, பெண்கள் எறியும் முறை அது என்று முதலில் மறுத்தவர்தாம் அவரும். பின் இசைந்தார்; 1980இல் ஓய்வு பெறும்வரை மாற்றவில்லை; நூற்றுக்கு ஏறத்தாழ 90 விழுந்தன. மாணவப் பருவத்தில் வெளியூரில் ஆடிய ஓர் ஆட்டத்தை அவர் நினைவுகூர்வதுண்டு. பார்வையாளர் ஒருவர் அவரது எறியைக் கேலி செய்து உரக்கக் கூவினாராம். பக்கத்திலிருந்தவர் திரும்பி, இவனை ஏன் கேலி செய்கிறாய், இவனுக்குத்தான் குறி தவறுவதே இல்லையே என்றாராம்.