காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

"காணவில்லை" என்னும் சொல்லுக்கும் "இல்லை" என்னும் சொல்லுக்கும் உள்ள வேற்றுமையைப் பல்லாண்டாக மாணவர்க்குக் கற்பித்து வந்த யான், அதனைச் செவ்வையாக உணர்ந்தது அண்மையில் ஒரு பழங்கணினியின் முன்னிலையிலேயாம்.

எமக்குத் தமிழ் கற்பித்துக் காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவர், தம் முதுமையிலே வன்னிக் கமக்காரரின் வழக்குச் சொற்களைத் திரட்டிப் பொருள் எழுதினார். அதனை அச்சேற்ற விரும்பிக் கொழும்பிலே ஓர் அச்சகத்திற் கணினியிற் பொறிக்கச் செய்தார். நூல் வெளிவரவில்லை. கையெழுத்துப் படி இடப்பெயர்வின்போது அழிந்தது. அச்சகம் மூடப்பட்ட காலத்து, அக்கணினி மட்டும் அவர் மகளார் வீட்டை வந்தடைந்தது. அஃது அப்பிள் நிறுவனம் 1994இல் வெளியிட்ட பவர் மக்கின்ரொஷ் 6100.

மின்னிணைப்புக் கொடுத்ததும் பொறி விழித்தது. சொற்கோவையும் உள்ளே இருந்தது. ஆயின் அதனை வெளிக்கொணரும் வழிதான் யாது? நெகிழ்வட்டுச் செலுத்தி தூசியால் இறுகிக் கிடந்தது. யூ.எஸ்.பி. துளை அக்காலப் பொறிகளுக்கு இல்லை. வன்தட்டோ 'ஸ்கசி' என்னும் பழைய இணைப்பினது. இன்றைய கணினிகள் அதனை அறியா. எஞ்சியது வலையமைப்பு ஒன்றே. அதற்குரிய ஈதர்நெற் துளையும் அப்பிளுக்கே உரிய தனி வடிவினது. அதனை இன்றைய கம்பியோடு பொருத்தும் சிறு பெட்டி ஒன்றைத் தேடிப் பெறுவதற்கே நெடுநாள் சென்றது.

கம்பி பொருந்தியது. கைந்நூலோ 'ரி.சி.பி./ஐ.பி.' என்னும் கட்டுப்பாட்டுப் பலகத்தைத் திறக்குமாறு பணித்தது. கட்டுப்பாட்டுப் பலகங்கள் வைக்கும் உறையைத் திறந்து பார்த்தோம். அப்பெயரில் ஒன்றும் அங்கே இல்லை.

முதலிற் கண்ணிற் பட்டது நாட்காட்டியே. அது 1956ஆம் ஆண்டைக் காட்டிற்று. (ஈழத் தமிழர் எளிதில் மறக்கக்கூடிய ஆண்டன்று அது, பொறிக்கு அது தெரியாது.) மின்கலம் இறந்தமைக்கு இதுவே அடையாளம். இவ்வினப் பொறிகள் 1904ஆம் ஆண்டு தைத் திங்கள் முதல் நாளிலிருந்து நொடிகளை எண்ணிக் காலங் காட்டுபவை. நினைவிழந்தவற்றுட் சில 1904க்கும் சில 1956க்கும் திரும்பும். அப்பிள்ரோக் என்னும் வலையமைப்பு திறந்துள்ளதா மூடியுள்ளதா என்பது போன்ற சில அமைப்புகளும் அம்மின்கலம் பேணும் சிறு நினைவகத்திலேயே இருப்பன. இவற்றை மறந்த பொறி அச்சுப்பொறித் துளையையே வலையமைப்பின் வாயிலெனக் கொள்ளும். சிறுவிரல் நுனியளவான 3.6 வோல்ட் இலிதியக் கலம் ஒன்றை மாற்றினோம். நாளும் நேரமும் நிலைத்தன. பலகம் வரவில்லை.

உதவிக்கு வந்த இளைஞர், "ஐயா, தட்டைத் துடைச்சுப்போட்டு எல்லாத்தையும் புதிசா ஏத்துவம்" என்றார். அம்மையார் என்னைப் பார்த்தார். ஏட்டுச் சுவடியில் ஓர் இதழைக் காணோம் என்பதற்காகக் கட்டையே அடுப்பில் இடுவாருளரோ? "பொறும் தம்பி" என்றேன்.

மெய்யில் நிகழ்ந்தது இதுவே. அப்பிள் கணினிகளில் முற்காலத்தே இணைய வழக்கை நடத்தியது 'மக் ரி.சி.பி.' என்பது. 1995 முதல் அதன் இடத்தைப் பிடித்தது 'ஓப்பன் ரான்ஸ்போட்' என்னும் புதிய முறை. எம் பொறியிலிருந்த 7.5.3 பதிப்போ இரண்டையும் தன்னகத்தே வைத்திருந்தது. எதனை ஆளவேண்டும் எனத் தெரிவதற்கு 'நெற்வேக் சொவ்ற்வெயர் செலெக்ரர்' என்ற சிறு கருவி உண்டு. பழைய முறை தெரியப்பட்டிருப்பின், புதியதன் பலகங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். மக் ரி.சி.பி. பலகம் எங்கள் கண்முன்னேதான் இருந்தது. கைந்நூலிலே அப்பெயர் இல்லாமையால் நாங்கள் அதனைக் கடந்து சென்றோம். ஒரு பொருட் பன்மொழி எனப் பாடஞ்சொல்லும் எனக்கு இஃது ஒரு நாணமே.

அக்கருவி 'அப்பிள் எக்ஸ்ராஸ்' என்னும் உறையுள் ஒதுங்கிக் கிடந்தது. புதிய முறையைத் தெரிந்து பொறியை மீள இயக்கியபோது, பலகம் என்றும் அங்கேயே இருந்ததுபோல் வந்து நின்றது. இணைக்கும் வழியாக ஈதர்நெற்றைக் குறித்து, 192.168.1.40 என முகவரியும் 255.255.255.0 என மறைப்பும் இட்டோம். புதிய கணினியிலே எஃப்.ரி.பி. சேவையைத் திறந்துவைத்து, பழையதிலிருந்த 'பெச்' என்னும் செயலியால் கோப்புகளை அனுப்பினோம். மக்கின்ரொஷ் கோப்பு இரு கிளையுடையது. வெறுமனே அனுப்பின் ஒரு கிளை முறிந்துபோகும். ஆதலின் 'மக் பைனரி' என்னும் பொதியாகக் கட்டியே அனுப்பினோம்.

வந்து சேர்ந்தவை தமிழாயிருக்கவில்லை. ஆங்கில எழுத்தும் குறியும் விரவிய குழப்பமே திரையில் நின்றது. அக்காலத் தமிழ் எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலே தமிழ் வடிவங்களை ஏற்றியது. வடிவத்துக்கு வடிவம் ஒப்புநோக்கி அட்டவணை ஒன்று அமைத்து யூனிகோட்டுக்கு மாற்ற, மூன்று வாரம் ஆயிற்று. முதலில் வாசிக்கக் கிடைத்த சொல் 'களவெட்டி'. சூடடிக்கும் களம் என்று அவர் பொருள் எழுதியிருந்தார்.

றகரமும் ரகரமும் சிலவிடத்து மாறிக் கிடக்கின்றன. அம்மையார் ஒவ்வொன்றாகத் திருத்தி வருகின்றார்; ககர வரிசை முடிந்து இப்போது சகரத்தில் நிற்கின்றார்.