சிற்றலையில் செய்தி செல்லும் வழி

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கிற்று. பல இடங்களில் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிற்று. அமெச்சூர் வானொலிப் பணிக்காக அப்போது போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், தம் சிற்றலைக் கருவியின் வாயிலாகத் தீவிலிருந்தோரைப் பற்றிய செய்திகளைப் பெருநிலத்திற்கு அறிவித்தார். ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நமக்கு, 'நலம்' என்னும் ஒரு சொல்லின் அருமை தெரியும். அத்தகைய சொல் கடலைக் கடப்பது எவ்வாறு?

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகள், வானில் நூறு கிலோமீட்டருக்கு மேலுள்ள அயனி மண்டலத்தில் பட்டு மீண்டும் நிலத்திற்குத் திரும்புகின்றன. இதில் ஒரு விந்தை உண்டு. போர்ட் பிளேரில் பேசுவது ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் அப்பாலுள்ள சென்னையில் தெளிவாகக் கேட்கலாம். 280 கிலோமீட்டர் தெற்கேயுள்ள கார் நிக்கோபாரில் கேளாமற் போகலாம். அலை அவ்விடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறது! அதிர்வெண்ணைக் குறைத்து, அலை செங்குத்தாக மேலெழுமாறு வான்கம்பியைத் தாழக் கட்டினால் அண்மை இடத்தையும் எட்டலாம். அதற்கு வசதியில்லையெனில், இருவர் பேச்சையும் கேட்கும் பெருநிலத்து நிலையம் ஒன்று இடைநின்று அஞ்சல் செய்யவேண்டும். அருகிலுள்ள தீவுக்குச் சென்னை வழியே செல்வது சுற்றுவழிதான்; ஆயினும் அதுவே நேர்வழியாகிவிடுகிறது.

கேட்டவர் அனைவரும் செய்தியைத் திருப்பிச் சொன்னால் என்ன? ஓர் அலைவரிசையில் ஒரு வேளையில் ஒருவரே பேச இயலும். பலர் பேசினால் இரைச்சலே மிஞ்சும். ஆதலின் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்று, யார் யாருக்கு அனுப்புவது, எது முந்தியது என்று முறை வகுக்கிறது. ஒவ்வொரு செய்தித்தாளிலும் எண், புறப்பட்ட நிலையம், நேரம், சொற்களின் தொகை ஆகியவை குறிக்கப்படும். இத்தொகையைச் சிறு காரியமென எண்ணலாகாது. 'காயம் இல்லை' என்பதில் ஒரு சொல் உதிர்ந்தால் ஒரு வீடே அழுது புலம்பும். பெறுபவர் சொற்களை எண்ணிச் சரிபார்த்து 'பெற்றோம்' என்னும்வரை, அனுப்பியவரின் பொறுப்பு நீங்குவதில்லை.

இக்காலத்தில் கணிப்பொறி பொருந்திய கருவிகள் பல அலைவரிசைகளில் அவ்வப்போது தாமே குரல் கொடுக்கின்றன. கேட்கும் நிலையங்கள், எவர் எதில் எவ்வளவு தெளிவாகக் கேட்டார் என்று பட்டியலிட்டு, அதைக்கொண்டு வழி தெரிந்தெடுக்கின்றன. ஆனால், கதிரவன் சாயுங்கால் அயனி மண்டலம் மாறுகிறது. பகலில் பயன்பட்ட உயர் அதிர்வெண் இரவில் கைவிடுகிறது. நண்பகற் பட்டியல் மாலையில் பழங்கணக்கு. மறுபடியும் அழைத்துப் பார்த்தே வழியறிய வேண்டும்.