கழற்றிய பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள்

கழற்றிய நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் சிலிண்டர் வரிசை மாறாமல் செய்தித்தாளில் அடுக்கினேன். மூன்றின் நுனி வெளிர் பழுப்பு. பெட்ரோல் சீராக எரிந்ததற்கு அடையாளம். நான்காவதில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. அந்தச் சிலிண்டருக்குள் ஆயில் இறங்குகிறது என்பது எஞ்சினைப் பிரிக்காமலேயே தெரிந்துவிட்டது. காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று சந்தேகிக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சுகிறது.

பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்த, பிளக் நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி பாய்கிறது. 1902இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய பிளக்கின் அடிப்படை இன்றும் மாறவில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், ஒவ்வொரு பிளக்கிலும் நொடிக்கு 25 பொறிகள். ஒவ்வொன்றும் உலோகத்தைக் கொஞ்சம் அரிக்கிறது. முனை மழுங்கி இடைவெளி அகன்றால் பொறி திணறும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும், மேட்டில் ஜெர்க் அடிக்கும், மைலேஜ் இறங்கும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்; அது பெரிய செலவு.

அந்த நிலைவரை காத்திருக்க வேண்டாம். சாதாரண நிக்கல் பிளக் பொதுவாக 30,000 முதல் 40,000 கிலோமீட்டர், இரிடியம் 1,00,000 வரைகூட வரும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள கணக்கே இறுதியானது. டீசல் வண்டிக்கு இந்தப் பிளக்கே கிடையாது.

பிளக்கைக் கழற்றும் முன் எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். பிளக் குழியில் கிடக்கும் மண்ணை முதலில் ஊதி எடுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும்.

புதுப் பிளக்கை ஸ்பானரால் தொடங்கவே கூடாது. அதன் மேல்முனையில் ஒரு ரப்பர் டியூப்பைச் செருகி உள்ளே இறக்கி, முதலில் கழற்றும் பக்கமாக மெல்லத் திருப்புங்கள். 'டக்'கென்று மரை அமரும். பிறகு முடுக்குங்கள். கோணலாகப் போனால் டியூப் வழுக்கும், மரை தப்பிக்கும். கையாலேயே அடிவரை இறங்கிய பிறகுதான் ஸ்பானர். வாஷர் உள்ள புதுப் பிளக்குக்கு அரைச் சுற்றும் இன்னும் கொஞ்சமும் போதும். வாஷர் நசுங்கி இறுகுவது கைக்கே தெரியும். அங்கே நிறுத்திவிடுங்கள்.