ஒரு லேப்டாப், மூன்று குடித்தனம்

கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி எப்படியும் ஒரு நாள் வந்துவிடுகிறது. "விண்டோஸ் இருக்கட்டும், கூடவே உபுண்டு வேணும், ஃபெடோராவும் பார்க்கணும். எல்லாம் ஒரே லேப்டாப்பில் நிற்குமா?" நிற்கும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். இது ஒன்றும் புதுசில்லை. 2011இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களிலேயே விண்டோஸோடு, உபுண்டு, ஃபெடோரா போல லினக்ஸ் வகைகளில் ஒன்றான பாஸும் இருந்தது. எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

ஒரு நேரத்தில் ஒரு சிஸ்டம்தான் ஓடும். மற்றவை அப்போது டிஸ்க்கில் கிடக்கும் வெறும் ஃபைல்கள். அதனால் "இரண்டும் மோதிக்கொள்ளாதா" என்ற பயம் வேண்டாம். திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய ஒண்டுக் குடித்தனங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவரவர் அறைக்குள் சண்டை வராது, பொதுக் குழாயடியில்தான் வரும். லேப்டாப்பில் அப்படிப் பொதுவில் இருப்பவை டிஸ்க்கைப் பிரித்த கணக்கு, பூட் ஆகும் சின்னப் பகுதி, போர்டில் ஓடும் கடிகாரம். வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில்தான்.

டிஸ்க்கிலிருந்து ஆரம்பிப்போம். விண்டோஸ் ஏற்கெனவே இருக்கும் என்பதால், அதனுடைய டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் சி டிரைவைச் சுருக்கி இடம் விடுங்கள். அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம், லினக்ஸ் இன்ஸ்டாலர் வந்து பிரித்துக்கொள்ளும். உபுண்டுவுக்கு 25 ஜிபி போதும் என்பார்கள். வேலை செய்கிற ஆளுக்கு 50 கொடுப்பது நல்லது. பழைய எம்பிஆர் முறையில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் என்ற கட்டுப்பாடு இருந்தது. இப்போதைய ஜிபிடி முறையில் விண்டோஸே 128 வரை அனுமதிக்கிறது. அந்தக் கவலை தீர்ந்தது.

ஆனால் டிஸ்க்கில் கை வைக்கும் முன் பிட்லாக்கரைப் பாருங்கள். புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்ததுமே, பல சமயம் நமக்குத் தெரியாமலே, டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட் ஆகும் விதத்தை மாற்றினால் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது அக்கவுண்ட்டில் இருக்கும். முன்கூட்டியே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பிலேயே சேமித்து வைக்கும் புத்திசாலிகளும் உண்டு!

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8இல் வந்த இந்த வசதியால் ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் முழுசாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் நிஜமாகவே அணைந்து எழும். அந்த அரைத் தூக்கத்தில் சி டிரைவை லினக்ஸ் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. வலுக்கட்டாயமாக எழுதினால் ஃபைல்கள் கெடும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில் போய் இதை அணைத்துவிடுங்கள்.

இனி பூட் பகுதி. டிஸ்க்கின் தொடக்கத்தில் பெரும்பாலும் 100 எம்பி அளவில், ஃபேட்32 வடிவில் ஒரு பார்ட்டிஷன் இருக்கும். உள்ளே மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர். உபுண்டு வந்தால் தன் பெயரில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளும், ஃபெடோராவும் அப்படியே. யாரும் யாரையும் அழிப்பதில்லை. அழிப்பது நாம்தான். இன்ஸ்டாலரில் கையால் பார்ட்டிஷன் பிரிக்கும்போது இந்தப் பகுதிக்கு நேரே ஃபார்மட் டிக் விழுந்திருந்தால், விண்டோஸின் பூட் ஃபைலும் சேர்ந்து போய்விடும். இன்ஸ்டால் பட்டனை அழுத்தும் முன் அந்த ஒரு வரியை இன்னொரு முறை படியுங்கள்.

மூன்றாவது சிஸ்டம் வரும்போது எந்த சிஸ்டத்தை எழுப்புவது என்று கேட்கும் க்ரப் மெனு கொஞ்சம் குழப்பும். கடைசியாகப் போட்டது தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளும். உபுண்டுவில் கெர்னல் அப்டேட் ஆனது ஃபெடோராவின் மெனுவுக்கு உடனே தெரியாது. 2021இல் வந்த க்ரப் 2.06 முதல் மற்ற சிஸ்டம்களைத் தேடும் வேலை தானாக நடக்காதபடி வைத்துவிட்டார்கள். அதனால் சில சமயம் மெனுவில் விண்டோஸ் தெரியாது. பதற வேண்டாம், டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்9, கம்பெனிக்கு ஏற்றபடி, அழுத்தினால் வரும் பூட் மெனுவில் தேர்ந்தெடுப்பதுதான் என் கட்சி.

இவ்வளவு சரியாகச் செய்தும் வெளியிலிருந்து அடி விழலாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், எது பூட் ஆகலாம் என்று சரிபார்க்கும் செக்யூர் பூட்டின் விதியை மாற்றியதில் பலருடைய லினக்ஸ் பூட் ஆகாமல் நின்றது. அப்படி நின்றால் மீட்க, ஒரு லினக்ஸ் பென்டிரைவை மேசை டிராயரில் வைத்திருங்கள்.

கடிகாரத் தொல்லை சின்னதுதான், ஆனால் குழப்புவதில் பெரியது. லினக்ஸ் போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். லினக்ஸிலிருந்து திரும்பினால் விண்டோஸ் நம் நாட்டில் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். பேட்டரி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம்.

மூன்றும் வேண்டுமா என்று கேட்டால், 512 ஜிபி இருந்தால் தாராளமாகப் போடுங்கள். 256தான் என்றால் இரண்டோடு நிறுத்திக்கொண்டு, மூன்றாவதை, ஒரு சிஸ்டத்துக்குள் இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஓட்டிப் பாருங்கள். எதுவானாலும் முதலில் ஃபோட்டோக்களையும் சர்டிஃபிகேட்களையும் வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிட்டு உட்காருங்கள்.